காற்றையும் எடையில் சேர்த்தவர்: அறிஞர் அல் காஸினி

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அலைபேசியில் விரும்பிப் பார்க்கும் காணொளிகளில் ஒன்று ‘டிராக் ரேஸ்’ எனப்படும் நேர்கோட்டுக் கார் பந்தயம். இதில் வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. இதற்கென்றே அமைக்கப்பட்ட தளத்தில் இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு பச்சையானதும் கிளம்பி, கால் மைல் தூரத்தை, அதாவது சுமார் 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட அங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானித்துவிடும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு அருகே, மலைச்சரிவை ஒட்டி பாண்டிமியர் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் 1958 முதல் 2023 வரை இயங்கி வந்தது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 5,800 அடி. கடலோரத் தளம் ஒன்றில் 12 நொடியில் ஓடி முடிக்கும் சாதாரண எஞ்சின் கொண்ட கார், அங்கே போனால் ஏறக்குறைய 12.7 நொடி எடுத்துக்கொள்ளும். அதே கார், அதே ஓட்டுநர், அதே பெட்ரோல். ஆனாலும் முக்கால் நொடிக்கு அருகில் தாமதம்.

குறைந்துபோனது எது? காற்று. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, அதன் எடை குறைகிறது.

காற்றுக்கு எடை உண்டு, அது ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், அந்த வேறுபாடு நாம் நிறுக்கும் எல்லாப் பொருட்களின் எடையையும் பாதிக்கும் என்று ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த ஒரு முஸ்லிம் அறிஞர் இருக்கிறார். அவர் பெயர் அப்துர் ரஹ்மான் அல் காஸினி. அவருடைய வாழ்க்கையை இந்தக் கட்டுரையில் நாம் பார்ப்போம்.

அடிமையாக வந்தவர்

இன்றைய துர்க்மெனிஸ்தான் நாட்டில் மாரி என்ற நகருக்கு அருகே மர்வு நகரின் இடிபாடுகள் பரந்து கிடக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் அது குராசான் பகுதியின் தலைநகர். செல்ஜூக் சுல்தான் சஞ்சர் அங்கிருந்துதான் ஆட்சி செய்தார். பட்டுப் பாதை வணிகர்கள் தங்கிச் செல்லும் ஊர் அது. பிற்காலத்தில் அங்கு வந்து தங்கிய புவியியலாளர் யாகூத் அல் ஹமவி, வக்ஃபு செய்யப்பட்ட பத்து நூலகங்கள் அங்கு இருந்ததையும், புத்தகங்களை அவர்கள் தாராளமாக இரவல் கொடுத்ததையும் எழுதியிருக்கிறார்.

இந்த ஊருக்கு இளம் வயதில் ஓர் அடிமையாக வந்து சேர்ந்தவர்தான் அல் காஸினி. பிறப்பால் கிரேக்கர், பைசாந்தியப் பேரரசின் மண்ணைச் சேர்ந்தவர். மர்வில் அவரை வைத்திருந்தவர் அரசவைக் கருவூலத்தின் பொறுப்பாளராக இருந்த அலீ என்பவர். அரபு மொழியில் கருவூலக் காப்பாளருக்கு ‘காஸின்’ என்று பெயர். அந்தக் காஸினைச் சார்ந்தவர் என்பதால் இவருக்கு ‘காஸினி’ என்ற பெயர் நிலைத்தது. தன் எஜமானரின் பதவிப் பெயரே தன் பெயராக ஆனவர் இவர்.

அந்த எஜமானர் ஒரு நல்ல காரியம் செய்தார். தன்னிடம் இருந்த இளைஞருக்கு அறிவு இருப்பதைக் கண்டு, கணிதத்திலும் தத்துவத்திலும் உயர்ந்த கல்வி கொடுத்தார். அடிமைக்கு எதற்குப் படிப்பு என்று அவர் நினைத்திருந்தால், இன்று நாம் எழுதுவதற்கு இப்படி ஒரு வாழ்க்கை இருந்திருக்காது.

காஸினி முதலில் பெயர் பெற்றது வானியலில். சூரியன், சந்திரன், கோள்கள் ஆகியவற்றின் இருப்பிடங்களைக் கணக்கிட உதவும் அட்டவணை நூலுக்கு ‘ஸீஜ்’ என்று பெயர். சுல்தான் சஞ்சரின் பெயரால் காஸினி தயாரித்த ‘ஸீஜ் அஸ்ஸஞ்சரி’ அக்காலத்தின் மதிப்புமிக்க அட்டவணைகளில் ஒன்றாக விளங்கியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் கிரிகோரி கியோனியாடிஸ் என்ற பைசாந்திய அறிஞர் தப்ரீஸ் நகரில் வானியல் பயின்று, அந்த நூலைக் கிரேக்க மொழிக்குக் கொண்டு போனார். கிரேக்க மண்ணிலிருந்து அடிமையாக வந்தவரின் உழைப்பு, அறிவுச் செல்வமாக அதே மக்களிடம் திரும்பிச் சென்றது.

உடைக்கப்பட்ட தராசு

காஸினியின் பெயரை இன்றுவரை நிலைக்க வைத்தது வானியல் அல்ல, தராசு. அந்தத் தராசுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது.

காஸினிக்குச் சற்று முந்திய தலைமுறையில் அல் முஸஃப்பர் அல் இஸ்ஃபிஸாரி என்ற அறிஞர் இருந்தார். உமர் கய்யாமோடு சேர்ந்து பணியாற்றியவர். தங்கத்தில் கலப்படம் இருக்கிறதா, மாணிக்கம் அசலா போலியா என்பதை உருக்காமல், உடைக்காமல், கீறாமல் கண்டுபிடிக்கும் ஒரு தராசை அவர் நீண்ட காலம் உழைத்து உருவாக்கினார். அது அரசக் கருவூலத்துக்காகச் செய்யப்பட்டது.

கருவூலத்தின் பொறுப்பில் அப்போது இருந்த அதிகாரிக்கு இந்தத் தராசைக் கண்டதும் அச்சம் பிடித்தது. தன் பொறுப்பில் இருந்த செல்வத்தில் அவர் கை வைத்திருந்தார். இந்தக் கருவி வேலை செய்யத் தொடங்கினால் தன் மோசடி வெளிவந்துவிடும் என்று பயந்து, தராசை உடைத்து அழித்துவிட்டார். செய்தி கேட்ட இஸ்ஃபிஸாரி மனம் உடைந்து, அந்தத் துக்கத்திலேயே இறந்துபோனார். அறிஞர்களின் வரலாற்றை எழுதிய ஸஹீருத்தீன் அல் பைஹகீ இந்தச் செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஹதீஸ் கலையின் இமாம் பைஹகீ வேறு, இவர் வேறு. காஸினியின் காலத்துக்கு மிக நெருங்கி வாழ்ந்தவர் இவர்.

ஒரு தராசுக்கு ஒரு மனிதர் இவ்வளவு பயப்பட்டார் என்றால், அந்தத் தராசு எவ்வளவு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்!

உடைந்த அந்தப் பணியைக் கையில் எடுத்தவர்தான் காஸினி. முன்னோர் விட்டுச் சென்றதைச் சேகரித்தார். குறைகளைத் திருத்தினார். புதிய பகுதிகளைச் சேர்த்தார். அதே சுல்தான் சஞ்சரின் கருவூலத்துக்காகத் தராசை மீண்டும் உருவாக்கினார். அதன் அமைப்பையும் அறிவியலையும் விளக்கி ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121-22இல், ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். அதன் பெயர் ‘கிதாப் மீஸான் அல் ஹிக்மா’. ஞானத் தராசின் நூல் என்று பொருள்.

ஞானத் தராசு

எட்டுப் பகுதிகள் கொண்ட அந்த நூலின் முன்னுரை நீதியைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. மனிதர்களிடையே நீதியை நிலைநாட்ட மூன்று நடுவர்கள் இருப்பதாகக் காஸினி சொல்கிறார். ஒன்று இறைவேதம், இரண்டு நேர்வழி பெற்ற தலைவர்களும் அறிஞர்களும், மூன்று தராசு. படித்தவருக்கும் படிக்காதவருக்கும், வலியவருக்கும் எளியவருக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்வது தராசு என்பதே அவர் கருத்தின் சாரம்.

அந்தத் தராசின் தண்டு நான்கு முழ நீளம், ஏறத்தாழ இரண்டு மீட்டர். அதில் ஐந்து தட்டுகள். ஆயிரம் மிஸ்கால், அதாவது நான்கு கிலோவுக்கும் மேலான எடையை ஏற்றியிருந்தாலும், ஒரு தானிய மணியின் எடை அளவு வேறுபாட்டைக் கூட அது காட்டிவிடும் என்று எழுதியிருக்கிறார்.

அது வேலை செய்யும் முறையை நம் வீட்டு நகையை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு பவுன் என்பது 8 கிராம். எட்டு கிராம் சுத்தத் தங்கத்தை நூலில் கட்டித் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு நிறுத்தால், அது சுமார் 7.59 கிராம் காட்டும். தான் ஒதுக்கிய தண்ணீரின் எடை அளவுக்கு அது இலேசாகிவிடுகிறது. அதே எட்டு கிராம் வெள்ளியை இப்படி நிறுத்தால் 7.24 கிராம் காட்டும். செம்பு என்றால் 7.11 கிராம்தான். ஒரே எடையில் செம்பு தங்கத்தை விட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் அதிகத் தண்ணீரை ஒதுக்குகிறது, அதிகமாக இலேசாகிறது. தங்கத்தில் செம்பு கலந்திருந்தால் எண் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். வெளியே மின்னும் நிறம் ஏமாற்றலாம், தண்ணீருக்குள் இருக்கும் எடை ஏமாற்றாது.

இந்தத் தத்துவம் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்தே அறியப்பட்டது. அதை மறைக்காமல் ஆர்க்கிமிடீஸ், மெனலாஸ், அர் ராஸி, உமர் கய்யாம் என்று தமக்கு முன் உழைத்தவர்களின் பெயர்களையெல்லாம் காஸினி தம் நூலில் எழுதி வைத்தார். அல் பிரூனி கண்டறிந்த உலோகங்களின், மணிகளின் ஒப்படர்த்தி எண்களையும் நமக்குக் கொண்டு சேர்த்தார். தங்கம் தண்ணீரை விட 19.05 மடங்கு என்பது அந்த எண்களில் ஒன்று. இன்றைய கணக்கு 19.3. பாதரசம் 13.56 மடங்கு, இன்றைய கணக்கு 13.6. மின்னணுக் கருவி ஏதும் இல்லாத காலத்தில் எடுத்த அளவுகள் இவை.

தண்ணீரிலிருந்து காற்றுக்கு

இங்கேதான் காஸினி ஒரு படி மேலே போகிறார்.

தண்ணீரில் நிறுத்தால் எடை குறைகிறது என்று கண்டாயிற்று. அந்தத் தண்ணீர் எங்கும் ஒரே மாதிரியா? இல்லை என்கிறார். ஊருக்கு ஊர் தண்ணீரின் தன்மை மாறும். கோடையிலும் குளிரிலும் மாறும். வெந்நீர் இலேசானது, குளிர்ந்த நீர் கனமானது. ஆகவே எந்தத் தண்ணீரில், எந்தப் பருவத்தில் நிறுத்தோம் என்பதைச் சேர்த்துச் சொல்லாத எண் முழு உண்மையாகாது.

அடுத்த கேள்வி தானாக எழுகிறது. தண்ணீருக்கு வெளியே நிறுக்கிறோமே, அங்கே பொருளைச் சுற்றி ஒன்றுமே இல்லையா? காற்று இருக்கிறது. தண்ணீரைப் போலவே காற்றும் தன்னுள் இருக்கும் பொருளை மேல்நோக்கித் தாங்குகிறது. ஆகவே அடர்ந்த காற்றிலிருந்து மெலிந்த காற்றுக்குக் கொண்டு போனால் பொருள் கனமாகும், மெலிந்த காற்றிலிருந்து அடர்ந்த காற்றுக்கு வந்தால் இலேசாகும் என்று காஸினி எழுதினார்.

இது எவ்வளவு உண்மை என்று ஒரு கணக்குப் பார்ப்போம். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. பத்தடிக்குப் பன்னிரண்டடி, பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில் ஏறத்தாழ 40 கிலோ காற்று இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் சுமார் 70 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறார். அவர் ஒதுக்கிய காற்றின் எடை 84 கிராம். காற்றே இல்லாத இடத்தில் நிறுத்தால் காட்டும் எடையை விட அந்த அளவு குறைவாகத்தான் தராசு அவரைக் காட்டுகிறது.

உம்ராவுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பல, ஜித்தாவில் இறங்கி, பின்னர் ஸியாரத்துக்காகத் தாயிஃப் நகருக்கும் போய் வருகின்றன. ஜித்தா கடற்கரை நகரம், தாயிஃப் சுமார் 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 83 விழுக்காடுதான். அதே மனிதரை 84 கிராமுக்குப் பதில் 70 கிராம் அளவுதான் காற்று தாங்கும். காஸினி சொன்ன வேறுபாடு இதுதான். கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாடு, ஆனால் உண்மையான வேறுபாடு.

பந்தயத் தளத்தில் அதே கணக்கு

மனிதருக்குச் சில கிராம் வேறுபாடாக இருப்பது, எஞ்சினுக்குப் பெரிய இழப்பாகிவிடுகிறது. எஞ்சின் காற்றை உணவாக உட்கொள்வதே காரணம்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கடல் மட்டத்தில் சுமார் 12 கன மீட்டரில் அந்த எடை கிடைத்துவிடும். தாயிஃப் உயரத்தில் அதே எடைக்கு 14 கன மீட்டருக்கும் மேல் தேவை. எஞ்சினின் சிலிண்டரோ விரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கொள்ளளவைத்தான் உள்ளே இழுக்கும். உள்ளே வரும் காற்றின் எடை குறைந்தால் எரிக்கக்கூடிய எரிபொருளும் குறையும், சக்தியும் குறையும். டென்வர் தளத்தின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 84 விழுக்காடு. சாதாரண எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கிவிடும்.

பழைய கார்புரேட்டர் எஞ்சினில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று குறைந்தது தெரியாமல் அது பெட்ரோலைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும். புகை கக்கும், எஞ்சின் திணறும். அதனால் மலைத் தளத்துக்குப் போகும் பந்தயக்காரர்கள் பெட்ரோல் வரும் துளையைச் சிறியதாக மாற்றுவார்கள். சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களில் அதை இன்னும் வேகமாகச் சுழலவைத்து, மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவார்கள்.

மெலிந்த காற்றால் ஒரு நன்மையும் உண்டு. காரை எதிர்த்துத் தள்ளும் காற்றுத் தடையும் அதே அளவுக்குக் குறைகிறது. ஆனால் கால் மைல் பந்தயம் நின்ற இடத்திலிருந்து வேகமெடுப்பது. காற்றுத் தடை பெரிதாவது கடைசிப் பகுதியில்தான். சக்தி இழப்போ முதல் அடியிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே இலாபம் நட்டத்தை ஈடுகட்டுவதில்லை.

உயரம் மட்டுமல்ல, வெப்பமும் காற்றை மெலிய வைக்கும். காஸினி தண்ணீரைப் பற்றிச் சொன்னது காற்றுக்கும் பொருந்தும். பஹ்ரைன், கத்தார் போன்ற வளைகுடா நாடுகளின் டிராக் பந்தயத் தளங்கள் கடல் மட்டத்தில் உள்ளவை. ஆனாலும் 42 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று, மிதமான வெப்பநிலையில் 900 மீட்டர் மலையில் இருக்கும் காற்றுக்குச் சமமாக மெலிந்துவிடும். டென்வரில் 32 டிகிரி வெப்பம் இருந்தால், அந்தத் தளம் 2,700 மீட்டர் உயரத்தில் இருப்பதைப் போல எஞ்சினுக்குத் தோன்றும். பந்தயக்காரர்கள் இதற்கு ‘அடர்த்தி உயரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரப்பதமும் இந்தக் கணக்கில் சேரும், நீராவி உலர்ந்த காற்றை விட இலேசானது.

இதனால் அனுபவமுள்ள பந்தயக் குழுக்கள் காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் காட்டும் கருவிகளைத் தளத்துக்கே கொண்டு வருகின்றன. பந்தயத்தை நடத்தும் அமெரிக்க அமைப்பும், உயரமான தளங்களில் சில பிரிவுகளுக்கு நேரத்தைத் திருத்திக் கணக்கிட எண்களை வகுத்திருக்கிறது. மலையில் 12.7 நொடியில் ஓடியவரை, கடலோரத்தில் 12.3 நொடியில் ஓடியவரோடு நேரடியாக ஒப்பிட்டால் அது அநீதி. இருவரும் எந்தக் காற்றில் ஓடினார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்தால் முன்னவரே வேகமானவர் என்று தெரியவரும்.

எந்தத் தண்ணீரில், எந்தக் காற்றில் நிறுத்தாய் என்று காஸினி கேட்ட கேள்வியும் இதுதான்.

அவர் தவறிய இடம்

சமூக ஊடகங்களில் காஸினியைப் பற்றி வரும் பதிவுகள் சில, நியூட்டனுக்கு முன்பே புவியீர்ப்பு விதியை முழுமையாகக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் புகழ்கின்றன. இது சரியல்ல. தராசைப் பற்றி எழுதும்போது நாம் தராசைச் சாய்க்கக் கூடாது.

பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்துப் பொருளின் எடை மாறும் என்று காஸினி எழுதியது உண்மை. ஆனால் தொலைவு கூடக் கூட எடையும் கூடும் என்றே அவர் கருதினார். உண்மையில் தொலைவு கூடினால் ஈர்ப்பு குறைகிறது. தொலைவுக்கும் எடைக்கும் தொடர்பு இருக்கிறது என்று கேட்ட கேள்வி சரி, கண்ட விடை தவறு.

காற்றின் விஷயத்திலும் அப்படியே. அதற்கு எடை உண்டு, அடர்த்தி மாறும் என்பதை அவர் சிந்தித்து எழுதினார். அதை அளந்து காட்டியது பிற்காலம். 1640களில் இத்தாலியின் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் அழுத்தத்தைக் கண்ணுக்குக் காட்டினார். 1648இல் பிரான்சின் பாஸ்கல், தம் மைத்துனரைப் பூய் தெ டோம் என்ற மலைமேல் அனுப்பி, உயரத்தில் பாதரசம் இறங்குவதை நிரூபித்தார். அறிவு இப்படித்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வளர்ந்து போகிறது. ஆர்க்கிமிடீஸின் பெயரைக் காஸினி மறைக்கவில்லை. பிறருக்குரிய பெருமையை எடுத்து அவருக்குச் சூட்ட வேண்டிய தேவை நமக்கும் இல்லை. அவருக்கு உரியதே நிறைய இருக்கிறது.

அவருக்கு உரியது மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தப்ரீஸில் ரஷ்யத் துணைத் தூதராக இருந்த கானிகோஃப் என்பவர் இந்த நூலின் கையெழுத்துப் படியைக் கண்டெடுத்து, அமெரிக்க ஓரியண்டல் கழகத்தின் இதழ் வழியாக உலகுக்கு அறிமுகம் செய்தார். அப்போது மேற்குலகில் சிலர் காஸினியை, அல்ஹசன் என்று அங்கே அறியப்பட்ட இப்னுல் ஹைதமோடு குழப்பிக்கொண்டார்கள். இப்னுல் ஹைதம் காஸினிக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர், வேறு ஆள். பின்னர் அரபு மூலம் 1940 வாக்கில் நம் நாட்டின் ஹைதராபாத்தில், தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகத்தில் அச்சானது. மர்வில் எழுதப்பட்ட நூலைப் பாதுகாத்துத் தந்ததில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி.

மூன்று தினாரும் ஒரு பூனையும்

இவ்வளவு நுட்பமாகப் பிறர் தங்கத்தை நிறுத்தவர், தமக்கென்று எவ்வளவு வைத்துக்கொண்டார்?

பைஹகீ எழுதியிருக்கும் செய்தி இது. ஒரு முறை சுல்தான் சஞ்சர் காஸினிக்கு ஆயிரம் தினார் அனுப்பி வைத்தார். காஸினி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தம்மிடம் பத்து தினார் இருக்கிறது, ஆண்டுக்கு மூன்று தினார் தமக்குப் போதும், வீட்டில் தம்மோடு இருப்பது ஒரு பூனை மட்டும்தான் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு ஓர் அமீரின் மனைவி ஆயிரம் தினார் அனுப்பியபோதும் அவ்வாறே திருப்பிக் கொடுத்தார். எளிய உடை, எளிய உணவு. வாரத்தில் மூன்று முறை இறைச்சி, மற்றபடி நாளுக்கு இரண்டு ரொட்டி என்று அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது.

இதை வெறும் எளிமை என்று மட்டும் நாம் பார்க்கக் கூடாது. அவர் செய்துகொண்டிருந்த வேலையை நினைத்துப் பாருங்கள். அரசக் கருவூலத்தின் தங்கமும் மாணிக்கமும் அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் கருவி அவர் கையில் இருந்தது. அதே வேலையில் அவருக்கு முன்னிருந்தவரின் தராசை, கை நீட்டிய ஓர் அதிகாரி உடைத்தார். காஸினி ஆயிரம் தினாரை வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அது இலஞ்சம் அல்ல, சுல்தானின் அன்பளிப்பு. ஆனால் காற்று கூடத் தராசைச் சாய்க்கும் என்று எழுதியவருக்கு, அன்பளிப்பும் சாய்க்கும் என்பது தெரியாமல் இருக்குமா?

1153இல் குஸ் துருக்கியர்கள் மர்வு நகரைச் சூறையாடினார்கள். 1221இல் மங்கோலியர்கள் வந்து எஞ்சியதையும் அழித்தார்கள். நூலகங்கள் போயின, கருவூலம் போயிற்று. காஸினி செய்த தராசும் இன்று இல்லை. இடிபாடுகளுக்கு நடுவே சஞ்சரின் அடக்கத்தலம் உயர்ந்து நிற்கிறது. மர்வு இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

தராசு போனாலும் அதை விளக்கிய நூல் நம்மிடம் இருக்கிறது. அது கற்றுத் தரும் பாடமும் இருக்கிறது. ஒன்றை நிறுக்கும்போது அந்தப் பொருளை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் சுற்றி இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

நம் வீட்டிலும் இது பயன்படும். இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்களை ஒப்பிடுகிறோம், இரண்டு சகோதரர்களின் வருமானத்தை ஒப்பிடுகிறோம், அடுத்த வீட்டு மருமகளோடு நம் வீட்டு மருமகளை ஒப்பிடுகிறோம். ஒருவர் கடலோரத்தில் ஓடுகிறார், இன்னொருவர் மலைமேல் மெலிந்த காற்றில் ஓடுகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். அடுத்த முறை பிள்ளைகள் கார் பந்தயக் காணொளி பார்த்துக்கொண்டிருந்தால் அருகில் உட்கார்ந்து, அந்தத் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். மர்வில் மூன்று தினாரில் வாழ்ந்த அந்த மனிதரின் கதையை அங்கிருந்து சொல்லத் தொடங்கலாம்.